நுரையீரல் புற்றுநோயில் சதை கரைவது: வீட்டில் கவனிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நுரையீரல் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் அந்த வாரமே யாராவது ஒருவர் புரோட்டீன் பவுடர் டப்பாவோடு வந்து நிற்பார், இன்னொருவர் ஆட்டுக்கால் வாங்கி வருவார், மூன்றாவது ஆள் சர்க்கரையையும் பாலையும் அடியோடு நிறுத்தச் சொல்வார். எல்லாமே நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் டப்பா முக்கால்வாசி அப்படியே இருக்கும், நோயாளி கட்டியிருக்கும் வாட்ச் முழங்கை வரை ஏறும்.

என் மாமனாரைக் கவனித்துக்கொண்டபோதும், அப்புறம் ஓபி வரிசையில் பழகிய குடும்பங்களிடமும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்: செய்கிற வேலையில் பாதி சரி, செய்கிற வரிசைதான் தப்பு. வாய் முழுக்கப் புண்ணோடு இருப்பவருக்கு எந்தப் பவுடரைக் கலக்கிக் கொடுத்தும் பலனில்லை. அதனால் கீழே உள்ளதை வரிசையாகவே செய்யுங்கள். மருந்து சம்பந்தப்பட்ட எதையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: எடை மெஷின் ஒன்று (சாதாரண டிஜிட்டல் போதும்), தையல் டேப், நாற்பது பக்க நோட்டு, பழைய மருத்துவச் சீட்டுகள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவி இருந்தால் நல்லது.

1. இது வெறும் பட்டினி இல்லை என்பதை முதலில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்

நல்ல உடம்புக்காரர் விரதம் இருந்தால் உடம்பு பெரும்பாலும் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும், தசையை முடிந்தவரை காப்பாற்றும். புற்றுநோயில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. கட்டியும், கட்டியை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு அணுக்களும் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விட்டபடியே இருக்கின்றன. இவற்றின் தூண்டுதலில் தசையிலுள்ள புரதம் கட்டப்படுவதைவிட வேகமாக உடைகிறது. உடைந்து வருவதை ஈரல் எடுத்து, சிஆர்பி மாதிரியான அழற்சிப் புரதங்களைச் செய்யப் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு பக்கம் கொத்தனார் சுவர் எழுப்ப, மறுபக்கம் யாரோ அதைவிட வேகமாகச் செங்கலை உருவுவது போலத்தான்.

பசியின்மையும் இதே கதையின் இன்னொரு பகுதி. ஜிடிஎஃப்-15 என்ற புரதம் ரத்தத்தில் கூடும்போது அது மூளையின் அடிப்பகுதியைத் தொட்டு, குமட்டலையும் சாப்பாட்டின் மேல் வெறுப்பையும் உண்டாக்குகிறது. அதனால் தட்டைத் தள்ளிவிடுகிறவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிடித்த மீன் குழம்பைப் பார்த்தே முகம் சுளிக்கிறார் என்றால் அது சமைத்தவர் மேல் உள்ள கோபமும் இல்லை.

மருத்துவக் கோப்பில் 'கேகெக்ஸியா' என்று எழுதியிருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள். 2011ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்த வரையறையிலேயே, வழக்கமான ஊட்டச்சத்து உதவியால் மட்டும் இதை முழுமையாகத் திருப்ப முடியாது என்று இருக்கிறது. ஆகவே இலக்கைச் சரியாக வையுங்கள். பழைய எடைக்குக் கொண்டுவருவது முதல் இலக்கு இல்லை, சரிவை நிறுத்துவதுதான். இந்த மாதமும் போன மாத எடையே இருந்தால் அது வெற்றி. இதை முதலிலேயே பேசிவிடாத வீடுகளில் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் சண்டையில் முடிகிறது.

2. பழைய எடையைத் தேடுங்கள், பிறகு இன்றைய எடையை எடுங்கள்

எல்லோரும் இன்றைய எடையை மட்டும் எடுப்பார்கள். 58 கிலோ என்று தெரிந்து என்ன செய்ய, ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு என்று தெரியாவிட்டால்? சுகர், பிரஷர் பார்க்கப் போன பழைய சீட்டின் மூலையில் எடை எழுதியிருப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் பெல்ட்டைக் கேளுங்கள். வழக்கமாகப் போடும் ஓட்டையைச் சுற்றித் தோல் தேய்ந்து கறுத்திருக்கும், இப்போது போடும் ஓட்டை ஆணியால் குத்திய புது ஓட்டையாக இருக்கும். பெண்களுக்கு வளையல், மோதிரம், உள்பக்கம் பிடித்துத் தைத்த ஜாக்கெட். இதையும் டாக்டரிடம் சொல்லலாம், அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி லேசான உடையில். மெஷின் வெறும் தரையில் இருக்க வேண்டும், பாய் மேலோ மிதியடி மேலோ வைத்தால் தப்பாகக் காட்டும். தினமும் பார்க்காதீர்கள், நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து மனசுதான் அலையும்.

கணக்கு எளிது. பழைய எடையில் இருந்து இன்றைய எடையைக் கழித்து, பழைய எடையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 62 கிலோ இருந்தவர் 58.5 ஆகியிருந்தால் 3.5 கிலோ குறைவு, அதாவது 5.6 சதவீதம். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்திருந்தால் அது கேகெக்ஸியா கணக்கில் வரும். ஏற்கனவே ஒல்லியானவர், அதாவது பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 20க்குக் கீழே உள்ளவர் என்றால் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே வரும். 160 செ.மீ. உயரத்துக்கு 50 கிலோ என்றால் பிஎம்ஐ 19.5, நம் ஊரில் இப்படி இருப்பவர்கள் ஏராளம், அவர்களுக்கு ஒரு கிலோ போவதே பெரிய விஷயம்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று நீர். காலில் வீக்கம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், ஸ்டீராய்டு மாத்திரை, இவையெல்லாம் எடையை ஏற்றிக் காட்டும், உள்ளே சதை கரைந்துகொண்டே இருக்கும். இன்னொன்று உடல் பருமன். தொப்பையும் கன்னமும் அப்படியே இருக்கும், தொடையும் தோளும் மட்டும் வற்றும். 'ஆள் நல்லாத்தானே இருக்கார்' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். டாக்டர்கள் சில சமயம் ஏற்கனவே எடுத்த சிடி ஸ்கேனிலேயே இடுப்புக்கு மேலே உள்ள மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து பார்ப்பார்கள், அதில் இது தெரிந்துவிடும்.

வீட்டில் இதைப் பிடிக்க இரண்டு வழி. உட்காரவைத்து, பாதம் தரையில் பட, கெண்டைக்காலின் தடித்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். ஆசியர்களுக்கான வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. என்ற எல்லைக்குக் கீழே போனால் தசை குறைவு என்று சந்தேகிக்கச் சொல்கிறார்கள் (காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவு உதவாது). அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் வலு குறைந்திருக்கிறது. தள்ளாடுகிறவராக இருந்தால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், தனியாகச் செய்யவைக்காதீர்கள்.

3. சாப்பிட விடாமல் எது தடுக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

நேரடியாகச் சமையலறைக்கு ஓடாதீர்கள். அதிகம் பேர் தவறவிடும் படி இதுதான், அதிகப் பலன் தருவதும் இதுதான். தடையை எடுத்துவிட்டால் எந்தப் புது உணவும் இல்லாமலே கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும்.

வாயில் இருந்து தொடங்குங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். புண் இருக்கிறதா, நாக்கிலோ கன்னத்தின் உட்புறமோ தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம் இருக்கிறதா? வெள்ளைப் படலம் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, அதற்கு மருந்து இருக்கிறது, சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் கீமோவில் இருப்பவர்களுக்கும் இது வருவது சகஜம். பல் செட் லூசாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், முகத்தில் சதை குறைந்தால் பல் செட் நிற்காது, ஆட ஆட ஈறு புண்ணாகி, அந்த வலியில்தான் ஆள் சாப்பாட்டையே தள்ளுவார்.

பிறகு வயிறு. மார்ஃபின், டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் கிட்டத்தட்ட உறுதி. நான்கு நாளாகப் போகாத வயிற்றில் பசி எப்படி வரும்? நம் வீடுகளில் இதைப் பேசக் கூச்சப்பட்டு, டாக்டரிடம் 'பசியே இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவோம். நோட்டில் தினமும் மலம் போனதா இல்லையா என்று ஒரு டிக் போடுங்கள். வலி மாத்திரை எழுதும்போதே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரையை நிறுத்துவது தீர்வு இல்லை, வலியோடும் யாரும் சாப்பிட முடியாது.

மூச்சு வாங்குவது நுரையீரல் புற்றுநோய்க்கே உரிய தடை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மூச்சை நிறுத்தி நிறுத்தி விட வேண்டியிருக்கிறது, நாலு வாயிலேயே களைத்துவிடுவார்கள். சாப்பிடும் முன் கால் மணி நேரம் ஓய்வு, நேராக நிமிர்ந்து உட்காருதல், முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேன், குழைந்த உணவு. ஆக்சிஜன் போட்டிருப்பவர் சாப்பிடும்போது அதைக் கழற்றிவைக்க வேண்டியதில்லை, மூக்கில் வைக்கும் குழாயோடே சாப்பிடலாம். நீர் கோத்திருந்தால் அதை எடுத்த பிறகு பலருக்குச் சாப்பாடு கூடுகிறது.

நெஞ்சில் ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் உணவுக்குழாய் புண்ணாகி, விழுங்கும்போது எரியும். இதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். காரம், புளி, சூடு மூன்றையும் குறைத்து, தயிர் சாதம், குழைந்த பருப்பு சாதம், ஆறவைத்த பால் கஞ்சி என்று மாற்றுங்கள், எரிச்சலுக்கு மருந்து கேளுங்கள். விழுங்கும்போது புரையேறினால், இருமல் வந்தால் அது வேறு பிரச்சினை, உடனே சொல்ல வேண்டும்.

ருசி மாறுவதற்குச் சின்னச் சின்ன வழிகள் போதும். வாயில் உலோகச் சுவை அடிக்கிறது என்றால் எவர்சில்வர் தட்டு, கரண்டியை விட்டுப் பீங்கான் அல்லது வாழையிலை, மரக்கரண்டி. வாடை பிடிக்கவில்லை என்றால் தாளிப்பு வேலையெல்லாம் அவர் தூங்கும் நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு. சூடான உணவைவிட ஆறிய உணவில் வாடை குறைவு.

அப்புறம், ரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும் சில காரணங்கள் இருக்கின்றன. கால்சியம் கூடினால் (ஸ்குவாமஸ் வகையில் அதிகம்) குமட்டல், தாகம், மலச்சிக்கல், மந்தம். சோடியம் குறைந்தால் (ஸ்மால் செல் வகையில் அதிகம்) குமட்டல், குழப்பம். இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவர்களுக்குத் தைராய்டோ அட்ரினல் சுரப்பியோ பாதிக்கப்பட்டால் பசியே போய்விடும். 'புற்றுநோய்னா அப்படித்தான்' என்று இவற்றை விட்டுவிடக் கூடாது, இவை சிகிச்சை உள்ளவை.

நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கம் இருமலும் எடை குறைவும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் காசநோய், அது நியாயமான சந்தேகம். ஆனால் சளியில் கிருமி உறுதியாகாமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கியிருந்து, இரண்டு மாதம் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, இருமல் குறையவில்லை என்றால் சிடி ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

4. எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள்

இப்போதுதான் சமையலறை. புற்றுநோயாளிகளுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல் சொல்வது: நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை. 55 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 1,400 முதல் 1,650 கலோரி, புரதம் 55 முதல் 80 கிராம்.

கலோரியை விடப் புரதம்தான் நம் சாப்பாட்டில் துண்டு விழும். தோராயமாக: ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் (200 மில்லி) 6 முதல் 7, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு 7, மீன் 100 கிராமுக்கு 20, கோழி அதைவிடக் கொஞ்சம் கூட, ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) 7, பன்னீர் 50 கிராமுக்கு 9. இரண்டு இட்லி சட்னியோடு 4 கிராம்தான். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் தேறினால் அதிகம்.

இதைப் போட்டுப் பார்த்தால் வழக்கமான 'நோயாளிச் சாப்பாடு' எவ்வளவு காலி என்று புரியும். காலையில் இட்லி, பதினொரு மணிக்கு ஜூஸ், மதியம் ரசம் சாதம், மாலையில் சூப், இரவு கஞ்சி. நாள் முழுக்க ஏதோ கொடுத்துக்கொண்டே இருந்த மாதிரி இருக்கும், புரதம் 20 கிராம்கூடத் தாண்டாது. ஆட்டுக்கால் சூப் குடிக்க இதமாக இருக்கலாம், ஆனால் தெளிந்த சூப்பில் தசை கட்டத் தேவையான புரதம் சொற்பம், அந்த எலும்பில் ஒட்டியிருக்கும் கறியில்தான் விஷயம். கறியை மசித்து உள்ளே போடுங்கள்.

அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவதுதான் நுட்பம், ஏனென்றால் வயிறு அரை டம்ளருக்கு மேல் வாங்காது. பாலில் இரண்டு ஸ்பூன் பால் பவுடர். கொதிக்கும் கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறினால் திரியாமல் கலந்துவிடும், நன்றாக வேக வேண்டும், கீமோ சமயத்தில் அரைவேக்காட்டு முட்டை கூடாது. சாதத்தில் நெய், பருப்பில் நல்லெண்ணெய், சத்துமாவைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுவது, வறுத்த வேர்க்கடலைப் பொடி, பொட்டுக்கடலைப் பொடி. சைவ வீடுகளில் பால், தயிர், பன்னீர், பருப்பு, சோயா இவற்றை ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது இருக்கும்படி பரத்துங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எத்தனை கிராம் குறைகிறதோ அதை நிரப்பத்தான் பவுடர். டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் ஒரு வேளை அளவுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள், பாதி டப்பாக்கள் அங்கேயே கழன்றுவிடும்.

சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று சொல்லி அரிசி, பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள். கட்டி குளுக்கோஸை அதிகம் எடுக்கிறது என்பது உண்மை, ஆனால் நீங்கள் சாப்பிடாவிட்டால் உடம்பு தசையை உடைத்து ஈரலில் குளுக்கோஸ் செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளிதான், கட்டி இல்லை. சர்க்கரை நோயும் இருப்பவர்களுக்குப் பழைய கெடுபிடி டயட் இப்போது பொருந்துமா, அல்லது மாத்திரை, இன்சுலினை மாற்றி உணவைத் தளர்த்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் (சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுத்தவர்களுக்கு இது வரலாம்) புரதத்தைக் கூட்டும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைக் காட்டிக் கேட்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஐந்து நாளோ அதற்கு மேலோ கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று முழு அளவு கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில், முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் போகாமல், படிப்படியாக ஏற்ற வேண்டும்.

5. நேரத்தை மாற்றுங்கள்

மூன்று வேளை என்பதை மறந்துவிடுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை, சின்னத் தட்டில், நாலைந்து வாய். பெரிய தட்டில் குவித்து வைத்தால் பார்த்ததுமே வயிறு நிறைந்துவிடும். பலருக்குக் காலையில்தான் பசி கொஞ்சம் இருக்கும், மாலையாக ஆகக் குறையும், எனவே முட்டை, மீன், பன்னீர் எல்லாவற்றையும் காலைக்கும் மதியத்துக்கும் முன்னால் இழுங்கள். இரவுக்குப் பால் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர், காபி கொடுத்து வயிற்றை நிரப்பாதீர்கள், நீரை இடைவேளைகளில் கொடுங்கள்.

கீமோ போட்ட நாளும் அடுத்த மூன்று நான்கு நாளும் குமட்டல் இருக்கும். அந்த நாட்களில் அவருக்கு மிகவும் பிடித்த பதார்த்தத்தைக் கொடுக்காதீர்கள். குமட்டலோடு சேர்த்துச் சாப்பிட்டதை மூளை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த உணவையே வெறுக்கும். பிடித்ததை நல்ல வாரத்துக்கு வையுங்கள், விட்டதைப் பிடிக்கும் வாரம் அதுதான். குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுப்பதில் பலன் குறைவு, சீட்டில் சொன்ன நேரத்தில் முன்கூட்டியே கொடுங்கள்.

6. உடம்பை அசைய வையுங்கள்

கல்லும் சிமென்ட்டும் வந்து இறங்கிவிட்டது, கொத்தனாரைக் கூப்பிட வேண்டாமா? புரதம் தசையாக மாற வேண்டுமானால் தசைக்கு வேலை இருக்க வேண்டும். ஆரோக்கியமான வயதானவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பற்ற திசு போய்விட்டது. நோயாளிக்கு எவ்வளவு போகும் என்று நீங்களே யோசியுங்கள்.

நம் வீடுகளின் பாசம் இதில் எதிரி. தண்ணீர் சொம்பு, சளி துப்பும் கிண்ணம், டிவி ரிமோட், எல்லாம் கட்டிலுக்கே வரும். 'நீங்க எழுந்திரிக்காதீங்க' என்பதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். முடிகிறவரை சாப்பாட்டுக்கு மேசைக்கோ கூடத்துக்கோ அவரே நடந்து வரட்டும். கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போங்கள், ஆனால் நடந்தே.

பயிற்சி என்று தனியாக: நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது ஐந்து முறை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பத்து முறை, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுவது பத்து முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நாட்களில் வீட்டுக்குள் ஐந்து நிமிட நடை, முடிந்தால் இரண்டு தடவை. பேச முடிகிற அளவு மூச்சு வாங்கினால் பரவாயில்லை, பேசவே முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஆக்சிஜன் அளவு எதற்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு எண்ணைக் கேட்டு நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

எலும்புக்குப் பரவியிருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்காமல் எடை தூக்கும் பயிற்சி வேண்டாம், எலும்பு முறியலாம். காய்ச்சல், நெஞ்சுவலி, புதிதாகக் கால் வீக்கம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைவு என்றாலும் அன்று பயிற்சி இல்லை.

7. மருந்து, டிரிப்ஸ், லேகியம்

முதல் மருந்து புற்றுநோய்க்கான சிகிச்சைதான். செங்கலை உருவுகிறவன் நின்றால் எல்லாம் நிற்கும். கட்டி சிகிச்சைக்கு இணங்கி அடங்கும்போது, தனியாக எதுவும் செய்யாமலே பசி திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றம் இருந்து அதற்கேற்ற மாத்திரை தொடங்கியவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

பசிக்கான மருந்துகளில் இப்போது அதிகம் பேசப்படுவது குறைந்த அளவு ஒலான்சபின். புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வு இது, 2023ல் வெளியானது. வயிறு, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கிய 124 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 2.5 மில்லிகிராம் ஒலான்சபினும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் மருந்துப் பிரிவில் 60 சதவீதம், மறுபக்கம் 9 சதவீதம். அதே ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் தன் வழிகாட்டுதலில் இதைச் சேர்த்தது. மருந்துக் கடையில் 'இது மனநல மாத்திரை ஆச்சே' என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், அதே மருந்துதான், அளவு மிகவும் குறைவு. தூக்கம் வரும், அதனால் பெரும்பாலும் இரவில் கொடுப்பார்கள். சுகர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு பசியைச் சட்டென்று தூண்டும், ஆனால் பலன் சில வாரம்தான். நீண்ட நாள் எடுத்தால் அதுவே தசையைக் கரைக்கும், தொடை வலுவிழந்து படி ஏற முடியாமல் போகும். ஒருமுறை எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மெஜெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்து எடையைக் கூட்டும், அது பெரும்பாலும் கொழுப்பு, ரத்தம் உறையும் அபாயமும் கூடும். நுரையீரல் புற்றுநோயில் அந்த அபாயம் ஏற்கனவே அதிகம். ஜப்பானில் 2021ல் அனமொரெலின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது, ஐரோப்பாவில் 2017ல் மறுத்துவிட்டார்கள். அதன் ஆய்வுகளில் தசை அளவு கூடியது, ஆனால் கைப்பிடி வலு கூடவில்லை. ஜிடிஎஃப்-15ஐத் தடுக்கும் பொன்செக்ரோமாப் ஊசி இன்னும் ஆய்வுக் கட்டத்தில் இருக்கிறது.

'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வரும்.' இதைக் கேட்காத வார்டு இல்லை. 500 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், நூறு கலோரிகூடத் தாண்டாது, இரண்டு இட்லி அளவு. புரதம் சுழியம். நீர் வற்றியிருந்தால் டிரிப்ஸ் உதவும், சதைக்கு உதவாது. ஏற்கனவே நீர் கோத்தவருக்கு மூச்சுத்திணறலைக் கூட்டவும் செய்யும்.

லேகியம், கஷாயம், இறக்குமதிக் காப்சூல் எதுவானாலும் பெயரை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோய் மாத்திரைகள் பல ஈரலில்தான் உடைகின்றன, இவற்றில் சில அந்த வேலையைக் கூட்டியோ குறைத்தோ விடும். திட்டுவார்களோ என்று மறைப்பதில்தான் ஆபத்து.

8. ஓபிக்குப் போகும்போது

டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். 'சாப்பிடவே மாட்டேங்கிறார்' என்றால் அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'ஆறு வாரத்தில் 58.5ல் இருந்து 56, விழுங்கும்போது எரிகிறது, மலம் மூன்று நாளுக்கு ஒரு முறை' என்று சொன்னால் அங்கேயே மூன்று முடிவு எடுப்பார். எடை குறைந்ததைக் கீமோ போடும் நர்ஸிடமும் சொல்லுங்கள், பல மருந்துகளின் அளவு உடல் அளவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, பழைய எடையிலேயே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. தசை குறைந்தவர்களுக்குக் கீமோவின் பக்க விளைவுகள் கூடுவதும் உண்டு. டயட்டீஷியன், பிசியோ இருவரையும் பார்க்க வேண்டும் என்று நீங்களாகக் கேளுங்கள்.

ஓபி நாளுக்காகக் காத்திருக்கக் கூடாதவை: ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்காத வாந்தி, காய்ச்சல், புதிதாகக் குழப்பமான பேச்சு, முகமும் கழுத்தும் வீங்குதல், சளியில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், முதுகுவலியோடு கால்கள் மரத்துப் பலவீனமாவது.

9. சாப்பாடு பின்னால் போக வேண்டிய கட்டம்

புற்றுநோய் சிகிச்சைக்கு இணங்காமல், ஆள் நாளின் பெரும்பகுதி படுக்கையிலேயே இருந்து, மீதமுள்ள காலம் சில வாரங்கள் அல்லது ஓரிரு மாதங்கள் என்ற கட்டத்தில் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொருந்தாது. உடம்பு அதற்கு மேல் உணவைத் தசையாக்காது. மூக்கு வழியாகக் குழாய் வைத்து ஊற்றுவதால் அந்தக் கட்டத்தில் பொதுவாக ஆயுளும் கூடுவதில்லை, வாந்தி, புரையேறுதல் என்று வேதனைதான் கூடும். சாப்பாடு நின்றதால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பாடு நின்றது. இதை வீட்டில் மூத்தவர்களுக்கு யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருந்து கவனித்த மருமகள் மேலோ மகள் மேலோ பழி விழும்.

அப்போது எடை மெஷினை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். கேட்டதை, கேட்ட அளவில் கொடுங்கள், ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீம் என்றாலும். வாய் வறளும், ஈரப் பஞ்சால் அடிக்கடி துடைத்து, உதட்டில் வெண்ணெயோ வாசலினோ தடவுங்கள் (ஆக்சிஜன் போட்டிருந்தால் எண்ணெய்ப் பசை இல்லாதது எது என்று நர்ஸிடம் கேளுங்கள்).

வலி நிவாரண மருத்துவக் குழுவை இந்தக் கட்டத்தில்தான் கூப்பிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முற்றிய நிலையில் கண்டுபிடித்தால் முதல் மாதத்திலேயே கூப்பிடலாம். பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010ல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அந்தக் குழுவைப் பார்த்தவர்களுக்கு வாழ்க்கைத் தரம் கூடியது, இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அரசு மருத்துவமனையில் இந்தப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் வலி நிவாரணச் சேவையும் பிசியோவும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரையும் முகவரியையும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், போகும்போது மருத்துவச் சுருக்கத்தின் நகலும் அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.